மட்டக்களப்பு, அம்பாறை மண்ணில் பப்பாசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமநல சேவை நிலையத்து வாங்கிலும், சந்தையிலும், வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கதைக்கும்போதும் பப்பாசி பற்றி வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதிலைத் தந்திருக்கிறோம். எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடலோரம்) மணலுக்கு ஒரு பதிலும் படுவான்கரை (வாவிக்கு மேற்கே) மண்ணுக்கு வேறு பதிலும் வரும் இடங்களில் அதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறோம். இந்தியப் பக்கங்களில் பப்பாளி என்று எழுதுவதும் இதுதான்.

எங்கட வளவு முழுக்க வெள்ளை மணல். இதில பப்பாசி வருமா?

வரும். பப்பாசி வேருக்குக் காற்று வேண்டும், மணல் அதைத் தாராளமாகக் கொடுக்கும். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, திருக்கோவில் பக்கத்து வளவுகளில் குப்பைக் குழியோரம் தானாக முளைத்த பப்பாசி காய்த்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அது குப்பைக் குழியோரம் நிற்கிறது என்பதுதான் விஷயம். வெறும் மணலில் தண்ணீரும் தங்காது, பசளையும் தங்காது. ஆகவே குழிக்குக் குறைந்தது 10 கிலோ நன்றாக உக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ போட்டு, மேலே வைக்கோல், சருகு, தும்புச்சோறு என்று கிடைத்ததை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அந்த மூடாக்கு தண்டில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும்.

படுவான்கரையில் வயலோரக் களிமண் என்றால் பிரச்சினை தலைகீழ். பசளை நிற்கும், தண்ணீரும் நிற்கும். பப்பாசிக்குத் தேங்கின தண்ணீரை விடப் பெரிய எதிரி இல்லை. அந்த மண்ணில் குழி வெட்டக் கூடாது, மேடு கட்ட வேண்டும்: ஒன்றரை தொடக்கம் இரண்டு அடி உயரம், நான்கு அடி அகலம், இரண்டு பக்கமும் வடிகால். மேட்டின் உச்சியில் கன்று.

எந்த மாதம் நட்டா நல்லம்? மழையோடயா, மழை விட்ட பிறகா?

தண்ணீர் தேங்காத மேட்டு மணல் என்றால் ஐப்பசியில் முதல் மழை பிடித்து மண் நனைந்ததும் நடலாம். மாரி முழுக்க வேர் இறங்கும், மாசி பங்குனியில் பூக்கும், கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கும்போது காய் ஏற்கெனவே பிடித்திருக்கும். இதுதான் எழுவான்கரைக்குச் சிறந்த காலம்.

தாழ்ந்த நிலம், வாவியோரம், வயலோரம் என்றால் அந்த ஆசை வேண்டாம். 2011 ஜனவரி வெள்ளம் மாதிரி ஒன்று வர வேண்டும் என்றில்லை. சாதாரண மார்கழி மழையே சின்னக் கன்றை முடித்துவிடும். கார்த்திகைக் கடைசியில் பையில் விதை போட்டு, தைக் கடைசியிலோ மாசியிலோ மழை விட்டதும் நடுங்கள். பூக்கும் நேரம் கச்சானுக்குள் விழும், முதல் பூக்கள் கொஞ்சம் கொட்டும், தண்ணீருக்கும் கூடச் செலவாகும். ஆனால் மரம் மிஞ்சும்.

கடையில வாங்கிச் சாப்பிட்ட பழத்தின்ட விதையைப் போட்டா காய்க்குமா?

காய்க்கும், அதே மாதிரிக் காய்க்காது. சந்தைக்கு வரும் சிவப்புச் சதைப் பழங்களில் பெரும்பாலானவை றெட் லேடி. அது தாய்வானில் உருவாக்கிய கலப்பின விதை. அதன் பழத்து விதையைப் போட்டால் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும்: ஒன்று உயரம், ஒன்று சப்பென்ற பழம், ஒன்று தாயை விட நல்லது. வளவில் நான்கு மரம் வைக்க அது போதும். விற்பனைக்கு வைப்பவர்கள் முத்திரையிட்ட பைக்கற் விதையே வாங்க வேண்டும்.

விதை எடுப்பதென்றால் உருண்டைப் பழத்தை விட்டு நீளப் பழத்தில் எடுங்கள். நீளப் பழம் இருபால் மரத்தில் காய்த்தது. அந்த மரம் தன் பூவின் மகரந்தத்திலேயே கருக்கட்டியிருந்தால், பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண், ஆண் வராது. உருண்டைப் பழம் பெண் மரத்தினது. பக்கத்தில் நின்ற ஆண் மரத்தால் அது கருக்கட்டியிருந்தால் பிள்ளைகளில் பாதி ஆண். பாதி உழைப்பு விறகுக்கும் உதவாது, ஏனென்றால் பப்பாசித் தண்டு எரியவும் எரியாது.

விதை போட்டு ஒரு மாதமாகுது, ஒண்டும் முளைக்கேல்ல. ஏன்?

விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான தோலைக் கழற்றாமல் போட்டிருப்பீர்கள். அந்தத் தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் காப்பது அதுதான். விதையை அடுப்புச் சாம்பலோடு சேர்த்து ஒரு வலையிலோ அரிதட்டிலோ போட்டுத் தேயுங்கள். விரலுக்குள் பிதுங்கிப் பிதுங்கித் தோல் வெடிக்கும். உள்ளே சுருக்கம் விழுந்த கறுப்பு விதை சொரசொரப்பாக அகப்படும். தண்ணீரில் போட்டு மிதப்பதை ஊற்றிவிட்டு, தாழ்ந்ததை நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம்.

மணல், மேல்மண், கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளை போட்ட பொலித்தீன் பையில் நிரப்பி, பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழம். 10 தொடக்கம் 20 நாளில் முளைக்கும். முளைத்தபின் கன்று அடித்தண்டில் நூல்போல மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். தண்ணீர் கூடிப்போனதும், பை நெருக்கமாக அடுக்கியதும் காரணம். காலையில் ஒரு முறை ஊற்றினால் போதும். 6 தொடக்கம் 8 கிழமையில், ஒரு சாண் உயரத்தில், கன்று நடுவதற்கு ஆயத்தம். அதற்கு மேல் பையில் வைத்திருந்தால் வேர் சுருண்டுவிடும், பிறகு நட்டாலும் மரம் எழும்பாது.

குழி எவ்வளவு? மரத்துக்கு மரம் எத்தனை அடி?

இரண்டு அடி நீளம், அகலம், ஆழம். மரத்துக்கு மரம் எட்டு அடி. அப்படி வைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 680 குழி வரும். ஆறடியில் நெருக்கி வைப்பவர்கள் முதல் வருடம் சந்தோஷப்படுவார்கள். இரண்டாம் வருடம் இலைகள் ஒன்றோடொன்று முட்டி, தண்டுகள் வெளிச்சம் தேடி மேலே ஓடும், பறிக்க ஏணி தேவைப்படும்.

நடும்போது பையைக் கிழித்துக் கழற்றுங்கள், மண்கட்டி உடையக் கூடாது. பையில் மண் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நிலத்திலும் நிற்கட்டும். காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று தண்டைப் புதைத்து நடுகிறார்கள். புதைந்த தண்டுதான் முதலில் அழுகும். சாயுமென்றால் ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

ஒரு குழிக்கு மூணு கன்று வைக்கச் சொல்றாங்க. வீண்தானே?

வீண் இல்லை. பூக்கும் வரை எது எந்த மரம் என்று பார்வைக்குத் தெரியாது. நீளப் பழ விதைக் கணக்கில் ஒவ்வொரு கன்றும் பெண்ணாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. மூன்று கன்று வைத்தால் மூன்றும் பெண்ணாகப் போவது 27 குழிக்கு ஒன்றில்தான். ஒன்று மட்டும் வைத்தால் மூன்று குழிக்கு ஒன்றில். ஒரு அடி இடைவெளியில் முக்கோணமாக வையுங்கள். பூத்ததும் நல்லதை விட்டு மற்றதை நிலமட்டத்தில் அறுத்து விடுங்கள். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அறும்.

ஆண் மரம், பெண் மரம் எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற?

ஆண் மரத்தின் பூ நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கும். ஒரு முழத்துக்கும் மேல் தொங்கும் காம்பில் சின்னச் சின்னப் பூ நிறைய இருந்தால் சந்தேகமே வேண்டாம். மற்ற இரண்டும் இலைக்காம்பின் கவட்டில், தண்டோடு ஒட்டிப் பூக்கும். அவற்றில் ஒரு மொட்டைப் பிடுங்கி இதழை உரித்துப் பாருங்கள். அடி பருத்து நுனி கூர்மையான மொட்டு, உள்ளே உருண்டைப் பிஞ்சு மட்டும், மஞ்சள் மகரந்தப் பை இல்லையென்றால் பெண். மொட்டு நீள உருளையாக இருந்து, ஒடுங்கிய பிஞ்சைச் சுற்றி மஞ்சள் பைகள் இருந்தால் இருபால்.

சந்தைக்கு இருபால்; சதை தடிப்பு, நடுவெற்றிடம் குறைவு, பெட்டியில் அடுக்கவும் சுகம். வீட்டுக்குப் பெண் மரமும் நல்லதுதான், வறட்சிக்கு அது உறுதியாகவும் நிற்கும். அதற்கு மகரந்தம் வேண்டும்: பக்கத்தில் ஒரு இருபால் மரமோ, 20 பெண்ணுக்கு ஒரு ஆணோ போதும்.

ஆண் மரத்தில ஆணி அடிச்சா, தலையை வெட்டினா பெண்ணா மாறும் எண்டு அப்பா சொல்லுவார். உண்மையா?

முழுப் பொய்யும் இல்லை, நம்பி இருக்கவும் முடியாது. ஆண் மரம் சில வேளைகளில் காம்பின் நுனியில் தானாகவே ஒன்றிரண்டு காய் பிடிக்கும். காலநிலை மாற்றமும் காயமும் அதைத் தூண்டலாம். ஆணி அடித்தவர் வீட்டில் காய்த்த கதை ஊர் முழுக்கப் போகும், காய்க்காத பத்துப் பேரின் கதை வெளியில் வராது. தொங்கு காம்பில் வரும் அந்தக் காய்களும் சின்னவை, சதை மெல்லியது. வெட்டிவிட்டு வேறு கன்று வையுங்கள்.

கோடையில ஒரு மரத்துக்கு எவ்வளவு தண்ணி ஊத்த வேணும்?

காய்க்கும் மரத்துக்கு, மணலில், கச்சான் வீசும் நாளில், 15 தொடக்கம் 20 லீற்றர். அதை நாள்தோறும் கொடுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை 60 லீற்றர் கொட்டுவது ஒன்றாகாது. மணல் அவ்வளவையும் பிடித்து வைக்காது, பசளையையும் சேர்த்துக் கீழே கொண்டுபோய்விடும். படுவான்கரைக் களியில் நான்கைந்து நாளைக்கு ஒரு முறை போதும்; விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம்.

தண்ணீரை அடித்தண்டில் ஊற்றாதீர்கள். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்ட வாய்க்கால் போட்டு அதில் ஊற்றுங்கள். உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் போடுபவர்கள் மரத்துக்கு இரண்டு சொட்டி, இரண்டு பக்கமும் வையுங்கள்.

கிணத்துத் தண்ணி கொஞ்சம் உப்பு. பரவாயில்லையா?

வாயில் வைத்தால் கரிப்புத் தெரிகிற தண்ணீர் பப்பாசிக்குக் கூடாது. இலையின் ஓரம் தீய்ந்த மாதிரிக் காயத் தொடங்கும், கன்று குட்டையாக நின்றுவிடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. பெரிய மோட்டர் வைத்து மளமளவென்று இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். சின்ன மோட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறையுங்கள். மாரி மழை மண்ணில் படிந்த உப்பைக் கழுவிவிடும், ஆகவே உப்புக் கிணற்றுக்காரர்கள் ஐப்பசி நடவையே பிடிக்க வேண்டும்.

மழை ரெண்டு நாள் பெஞ்சுது. மூணாம் நாள் இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்குது. என்ன மருந்து அடிக்கிற?

இதற்கு அடிக்க மருந்து இல்லை. வேரடியில் தண்ணீர் இரண்டு நாள் நின்றாலே வேர் மூச்சுத் திணறிச் செத்துவிடும், பிறகு அதில் அழுகல் பூஞ்சணம் ஏறும். முதலில் மண்வெட்டியோடு போய் வடிகால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிறகு நிலமட்டத்தில் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மரம் பிழைக்கலாம்: காய்களில் பாதியைப் பறித்துப் பாரத்தைக் குறையுங்கள், புது இலை வரும்வரை பசளை போடாதீர்கள். தண்டு நனைந்த பாண் மாதிரி அமுங்கி, கெட்ட மணம் வந்தால் அது முடிந்த மரம். வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

அடுத்த மாரிக்கு முன் மேட்டைக் கட்டுங்கள். வேறு வழி இல்லை.

பசளை எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருக்கா?

கன்று நட்டு மூன்றாம் மாதத்திலிருந்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மரத்துக்கு யூரியா 100 கிராம், ரி.எஸ்.பி. (பொஸ்பேற்றுப் பசளை) 100 கிராம், எம்.ஓ.பி. (பொட்டாசியப் பசளை) 80 கிராம். மணலில் இதை இரண்டாகப் பிரித்து மாதத்துக்கு ஒரு முறை பாதி பாதியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கிணற்றுக்குத்தான் பசளை போட்டதாகும். முதல் மூன்று மாதம் கூட்டெரு போதும்; கன்று வெளிறினால் கால் பங்கு யூரியா. கடைத் தராசில் ஒரு முறை நிறுத்து, பழைய தகர டின்னில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் நிறுக்கத் தேவையில்லை.

தண்ணீர் வாய்க்காலில் தூவி, மண்ணால் மூடி, உடனே நீர் விடுங்கள். யூரியாவை மட்டும் போட்டு மற்றதை விட்டால் இலை கரும்பச்சையாக மினுங்கும், பழம் தண்ணீராக இருக்கும். எம்.ஓ.பி.யை மிச்சம் பிடிக்காதீர்கள், இனிப்பு அதில் இருக்கிறது.

காய் கட்டி கட்டியா, புடைச்சு, கோணலா வருது. வைரஸா?

எழுவான்கரை மணலில் இது பெரும்பாலும் போரோன் குறைபாடு. பிஞ்சின் தோலில் தானாகப் பால் கசிந்து வெள்ளைச் சொட்டாக உறையும், பிறகு அந்த இடம் வளராமல் சுற்றியிருப்பது புடைக்கும். விதையும் சரியாகப் பிடிக்காது. கோடையில் மண் காயும்போது கூடத் தெரியும். போறிக் அமிலம் 16 கிராமை 16 லீற்றர் டாங்கி தண்ணீரில் கரைத்து, நட்டு நான்காம் மாதமும் எட்டாம் மாதமும் மாலையில் இலைக்குத் தெளியுங்கள். கூட்டிப் போட வேண்டாம். போரோன் கூடினால் அதுவே நஞ்சு. ஏற்கெனவே கோணின காய் நேராகாது, புதிய காயில் பார்க்கலாம்.

இலையிலும் மஞ்சள் திட்டு இருந்தால் கீழே வைரஸ் பற்றிய பதிலைப் பாருங்கள்.

ஆடி மாதம் பூ நிறைய வருது, ஒண்டும் காயாகுதில்ல.

இருபால் மரம் சூட்டிலும் வறட்சியிலும் பூவுக்குள் பிஞ்சைக் கைவிட்டு, ஆண் பூவாகப் பூத்துக் கொட்டும். மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. தண்டைப் பார்த்தால் தெரியும்: கீழே காய், நடுவில் ஒன்றரை அடி வெறுமை, மேலே திரும்பக் காய். அந்த வெறுமைதான் போன கச்சான். தண்ணீர், மூடாக்கு, தென்மேற்குப் பக்கத்தில் இரண்டு வரிசை வாழையோ கிளிசிரீடியா வேலியோ இருந்தால் குறையும், முற்றாக நிற்காது. பெண் மரத்துக்கு இந்தக் கோளாறு இல்லை. அது கொட்டினால் மகரந்தம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

காயிலயும் இலைக்கு அடியிலயும் வெள்ளை மா பூசின மாதிரி இருக்கு, எறும்பும் ஏறுது.

வெண்மூட்டுப்பூச்சி. பப்பாசியின் பெயரால் அழைக்கப்படும் இனம் 2008 இல் இலங்கைக்குள் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. 2009 இல் அதைத் தேடி முட்டையிடும் மிகச் சிறிய குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி இப்போதும் நம் தோட்டங்களில் வேலை செய்கிறது. ஆகவே கடுமையான பூச்சிநாசினியை எடுத்ததும் அடித்தால் குளவி சாகும், மாவுக்குள் இருக்கும் பூச்சி மிஞ்சும், அடுத்த மாதம் இரட்டிப்பாக வரும்.

தண்ணீரைப் பலமாகப் பீச்சிக் கழுவுங்கள். மோசமான இலையையும் காயையும் பையில் கட்டி எரியுங்கள், வேலியோரம் எறியாதீர்கள். சவர்க்காரத் தண்ணீர் மாலையில் அடிக்கலாம், ஆனால் பப்பாசி இலை மென்மையானது, முதலில் ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். எறும்பு இந்தப் பூச்சியைத் தூக்கிக்கொண்டு திரியும், குளவியையும் விரட்டும். தண்டில் பொலித்தீன் சுற்றிக் கிறீஸ் பூசினால் ஏறாது.

இலை நூல் மாதிரிச் சுருங்குது, காயில வட்டம் வட்டமா அடையாளம். மருந்து இருக்கா?

வட்ட அடையாளம், இளம் தண்டிலும் இலைக்காம்பிலும் எண்ணெய் பட்ட மாதிரிக் கரும்பச்சைக் கோடு, இலையில் மஞ்சள் திட்டு: இவை சேர்ந்து வந்தால் வளையப்புள்ளி வைரஸ். மருந்து இல்லை. அசுவினி எங்கேயோ ஒரு நோய் மரத்தில் குத்திவிட்டு வந்து, உங்கள் மரத்தில் சில வினாடி குத்தினாலே தொற்றிவிடும். பூச்சிநாசினி வேலை செய்வதற்கு முன் தொற்று முடிந்துவிடும். அதனால் மருந்தடிப்பதில் பெரிய பலன் இல்லை. முதல் மரத்தைக் கண்ட அன்றே வெட்டி அகற்றுங்கள். காய் இருக்கிறது என்று மனமிரங்கி ஒரு மரத்தை விட்டுவைத்து முழுத் தோட்டத்தையும் இழப்பதுதான் வழமையாக நடக்கிறது. பூசணி, கெக்கரி, பாகல், பீர்க்கு போன்றவற்றைப் பப்பாசிக்கிடையில் போடாதீர்கள், அவையும் இந்த வைரஸுக்கும் அசுவினிக்கும் இடம் கொடுக்கும். விதையால் இது பரவாது. றெட் லேடி ஓரளவு தாங்கும், முற்றாகத் தப்பாது.

வயலோரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நெல்லுக்கு அடிக்கும் எம்.சி.பி.ஏ. போன்ற களைநாசினி காற்றில் வந்து பட்டாலும் இலை இதே மாதிரி நூலாகச் சுருங்கும். வித்தியாசம் பாருங்கள்: வயல் பக்க வரிசை முழுவதும் ஒரே கிழமையில் சுருங்கி, காயில் வட்டமோ தண்டில் எண்ணெய்க் கோடோ இல்லாமல், பிறகு வரும் இலை மெல்ல மெல்ல விரிந்தால் அது களைநாசினி. மரத்தை வெட்டாதீர்கள், பக்கத்து வயல்காரரோடு கதையுங்கள்.

பழம் பெரிசா இருக்கு, ஆனா இனிப்பே இல்ல.

முந்திப் பறித்திருக்கிறீர்கள். வாழைக்காயில் மாப்பொருள் இருக்கிறது, பறித்த பிறகு அது சீனியாகும். பப்பாசியில் அப்படிச் சேமிப்பு இல்லை. மரத்தில் நிற்கும்போது ஏறிய சீனிதான். பச்சையாகப் பறித்த காய் மஞ்சளாகும், மெதுவாகும், இனிக்காது. காபைட் கல் வைத்துப் பழுக்கவைத்தாலும் அதே கதைதான், அது சட்டப்படி தடையும் கூட.

பூவிலிருந்து பழத்துக்கு ஏறக்குறைய ஐந்து மாதம். நட்டு ஒன்பது, பத்து மாதத்தில் முதல் பழம் பார்க்கலாம். நுனியில் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கீற்று விழுந்ததும் தூரச் சந்தைக்கு. கால் பங்கு மஞ்சளானதும் உள்ளூருக்கு. காயை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள்: கெட்டிப் பாலாக வந்தால் பொறுங்கள், தண்ணீர் மாதிரிக் கசிந்தால் முற்றிவிட்டது. அதற்கு மேல் மரத்தில் விட்டால் பழ ஈயும், அணிலும், வௌவாலும் உங்களை முந்தும். மாரியில் பழுக்கும் பழம் எவ்வளவு முற்றினாலும் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், அது வெயில் போதாமை.

பறிச்சுச் சந்தைக்குப் போறதுக்குள்ள கறுப்புப் புள்ளி வந்திடுது.

பறிக்கும்போதும் ஏற்றும்போதும் பட்ட காயம் ஒன்று, தோலில் ஏற்கெனவே ஒளிந்திருந்த அந்திரக்நோஸ் பூஞ்சணம் மற்றது. காம்பு அரை அங்குலம் நிற்கக் கத்தியால் வெட்டுங்கள், நிலத்தில் போடாதீர்கள். பால் தோலில் வழிந்தால் கறை விழும். காம்புப் பக்கம் கீழே இருக்க வைத்துப் பாலை வடியவிடுங்கள். பால் கையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. நீளக்கைச் சட்டை நல்லது.

சாக்கில் கட்டித் தம்புள்ளைக்கு ஏற்றுவது பாதியை வழியில் விற்பது மாதிரி. ஒவ்வொரு பழத்தையும் பேப்பரில் சுற்றி, பிளாஸ்ரிக் கூடையில் ஒரே அடுக்காக வையுங்கள். 49 பாகை செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் புள்ளி நன்றாகக் குறையும், ஆனால் வெப்பமானி இல்லாமல் கைச்சூட்டில் செய்தால் பழம் வெந்துவிடும். பழுக்காததைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் பழுக்கவே மாட்டாது.

டெங்குக் காலத்தில ஊரே வந்து இலை கேக்குது. குடுத்தா மரத்துக்குப் பாதிப்பா?

மரத்தில் எப்போதும் குறைந்தது 15 நல்ல இலை நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் காய் பெருக்காது, இனிக்காது, வெயில் நேரே பட்டுத் தோலும் வெந்துபோகும். கொடுப்பதென்றால் கீழ் இலையில் ஒன்றிரண்டு கொடுங்கள், மருந்தடித்த மரத்தில் கொடுக்காதீர்கள். இலைச்சாறு வைத்தியசாலைக்குப் பதிலாகாது. காய்ச்சல்காரரை முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காய்ச்சல் விடும் நாள்தான் டெங்குவில் ஆபத்தான நாள்.

மரம் கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிட்டு. தலையை வெட்டினா திரும்பக் கிளைக்குமா?

கிளைக்கும். மூன்று அடியில் சரிவாக வெட்டி, ஒரு தகர டின்னைக் கவிழ்த்து மூடுங்கள். தண்டு உள்ளே கோறை, மழை நிரம்பினால் அடிவரை அழுகும். மாரியில் வெட்டாதீர்கள். வரும் தளிர்களில் தாழ்வான, தடித்த ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். வளவில் ஒரு நல்ல மரத்தைக் காப்பாற்ற இது சரி. தோட்டத்துக்கு, இரண்டரை மூன்று வருடத்தில் முழுவதையும் அழித்துப் புதிதாக நடுவதே லாபம். வைரஸ் பட்ட மரத்தின் தளிரும் வைரஸோடுதான் வரும்.

காத்து, குரங்கு, யானை: இதுகளுக்கு என்ன செய்யிற?

1978 நவம்பர் சூறாவளி தென்னையையே படுக்க வைத்த இடம் இது, அப்படியானதற்கு வழியில்லை. சாதாரணக் காற்றுக்கு மேலே சொன்ன வாழை வரிசையும், காய்ப் பாரம் உள்ள மரத்துக்குக் கவர்க்கம்பும் போதும். குரங்குக்குப் பழத்தைக் கீற்று விழுந்ததும் பறித்துவிடுவதுதான் மலிவான காவல். யானை வரும் எல்லைக் கிராமங்களில் வேலி இல்லாமல் பப்பாசி வைக்கவே வேண்டாம். ஆடு மாடு எல்லா இடத்திலும் உண்டு, கன்று இடுப்பளவு வளரும்வரை முள்கட்டி வையுங்கள்.

பழைய பப்பாசி அழிச்ச இடத்திலயே திரும்ப வைக்கலாமா?

உடனே வேண்டாம். பழைய வேரைத் தோண்டிப் பாருங்கள்: மணலில் பெரும்பாலும் சின்னச் சின்ன முடிச்சு விழுந்திருக்கும். அது வேர்முடிச்சு நெமற்றோட்டு, வேருக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. புதுக் கன்றை நட்டால் அது நேராக அதற்குள் ஏறும். தண்ணீரும் பசளையும் குறையாமல் கொடுத்தும் மரம் மத்தியானத்தில் வாடி நிற்கும். களிமண்ணில் அழுகல் பூஞ்சணம் மிஞ்சியிருக்கும்.

இரண்டு மூன்று போகம் வேறு பயிர் போடுங்கள். மணலுக்கு நிலக்கடலை நல்லது, இந்த நெமற்றோட்டில் பொதுவாகக் காணப்படும் இனங்கள் அதில் பெருகா. நம் ஊரில் அதற்கும் கச்சான் என்றுதான் பெயர். பப்பாசிக்குக் காற்றுக் கச்சான் ஆகாது, கடலைக் கச்சான் ஆகும். கத்தரி, தக்காளி, வெண்டி போட்டால் முடிச்சு கூடத்தான் செய்யும். இடம் வேறில்லாதவர்கள் பழைய வரிசைக்கு நடுவில், நான்கு அடி தள்ளிப் புதுக் குழி வெட்டி, பங்குனி வெயிலில் ஒரு மாதம் திறந்து காயவிட்டு, கூட்டெருவை இரட்டிப்பாக்கி வையுங்கள்.